பழைய மரச்சாமானுக்குப் பெயிண்ட் அடிப்பதா, அப்படியே காப்பதா? திருநெல்வேலிச் சீமை வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதும் கல்யாணத்துக்கு வீட்டை ஒழுங்கு பண்ணும்போதும்தான் நம் பக்கத்துப் பழைய மரச்சாமான்களுக்கு ஆபத்து வருகிறது. சுவருக்கு வந்த பெயிண்டரிடம், “மிச்சம் இருக்கிற எனாமலை அந்த அலமாரிக்கும் ஒரு இழுப்பு இழுத்துடுங்க” என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அதை எடுக்க வாரக்கணக்கில் ஆகும். செதுக்கு வேலை இருக்கிற சாமானில் முழுதாக எடுக்கவே முடியாது. பெயிண்டே கூடாது என்று சொல்ல வரவில்லை. பெயிண்ட்தான் சரி என்று நானே சொன்ன சாமான்களும் உண்டு. எதற்கு எது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் என் அக்கறை. பாளையங்கோட்டையிலிருந்து செங்கோட்டை வரைக்கும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஆச்சி காலத்து அலமாரி கறுத்துப்போய் அழுக்காக இருக்கிறது. பெயிண்ட் அடித்துவிடலாமா?

முதலில் கழுவிப் பாருங்கள். கழுவாமல் எந்த முடிவும் வேண்டாம்.

அந்தக் கறுப்பில் பெரும்பகுதி மரத்தின் நிறமே கிடையாது. விளக்குப் புகை, அடுக்களைப் புகை, வருடக்கணக்காகக் கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிய தூசு, அதோடு கறுத்துப்போன பழைய வார்னிஷ். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து, அலமாரியின் பக்கவாட்டில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் துடையுங்கள். உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அது காய்ந்ததும் அதே இடத்தில் டர்பன்டைன் தொட்ட பருத்தித் துணியால் இன்னொரு முறை. தண்ணீரை ஊற்றிக் கழுவக் கூடாது. மூட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் பழைய பசை விட்டுவிடும்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் பட்டாசல் அலமாரியை இப்படித் துடைத்தோம். அது கருங்காலி என்றே அந்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துணியை அலச அலச வாளித் தண்ணீர் காப்பி டிகாஷன் நிறத்துக்கு வந்தது. கதவின் கீழ்மூலையில், துணி ஓடிய அந்தச் சிறு சதுரத்தில், பொன்னும் பழுப்புமாக தேக்கு ரேகை எழுந்து வந்தது. பெயிண்டருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்று சொன்ன பெரியவர், அவரை வாசல் கதவுக்கு மட்டும் வரச்சொல்லிவிட்டார்.

கழுவிய பிறகும் பிடிக்கவில்லை என்றால் சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.

என்ன மரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். இழுப்பறையை வெளியே உருவி அதன் அடியைப் பாருங்கள், முதுகுப் பலகையைப் பாருங்கள், காலின் உள்பக்கத்தைப் பாருங்கள். பாலிஷும் சாயமும் படாத இடம் அங்கேதான் கிடைக்கும். அந்த இடத்தில் உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்தால் நிறமும் வாசனையும் தெரிந்துவிடும்.

நம் பகுதிக்கு மரம் வந்த வழி தெரிந்திருந்தால் ஊகிப்பது எளிது. மேற்கே மலையைத் தாண்டினால் திருவிதாங்கூர்க் காடு. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்தப் பக்கம் சேர்ந்தது. 1904-ல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு ரயில் வந்தபிறகு அந்தப் பக்கத்துச் சரக்கு இங்கே வர இன்னொரு வழியும் திறந்தது. செங்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் மர அறுவை மில்களை இன்றும் பார்க்கலாம். அதனால் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்து வீடுகளில் தேக்கு, ஈட்டி, வேங்கை, அயினி, பலா எல்லாம் சகஜம். வசதியான வீடுகளுக்குக் கப்பலில் வந்த பர்மா தேக்கும் உண்டு. கிழக்கே, தேரிக்காட்டுப் பக்கம் போகப் போக வேம்பு, பூவரசு, வாகை, பனை.

தேக்கு தொட்டால் கொஞ்சம் எண்ணெய்ப் பசை தெரியும். தேய்த்தால் தோல் சாமான் வாசனை வரும். பலகையின் தலைப்பக்கத்தில் வளையங்கள் தெளிவாகத் தெரியும். ஈட்டி, அதாவது தோதகத்தி, தூக்கினாலே கை சொல்லும், அவ்வளவு கனம். ஊதா கலந்த பழுப்பில் கறுப்புக் கோடுகள் ஓடும். வேங்கையை ஈரத் துணியால் துடைத்தால் துணியில் மஞ்சளும் பழுப்புமாகச் சாயம் ஏறும். பலாவும் அயினியும் அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, வருடங்கள் போகப் போகத் தேன் நிறத்துக்கும் அதைவிட ஆழ்ந்த பழுப்புக்கும் போகும்; இந்த நிறம் காலம் கொடுப்பது, எந்தச் சாயக் கடையிலும் கிடைக்காது. பூவரசு செம்பழுப்பு. வேம்பும் சிவப்புத்தான், ஆனால் ரேகை பின்னிக்கொண்டு ஓடும். மாமரம் வெளிர் நிறம், இலகு, பூச்சிக்கு விருப்பம்.

இதோடு இன்னொன்றும் பாருங்கள்: பலகை வைரமா, வெளிறா? மரத்தின் நடுப்பகுதியான வைரத்தில் செய்த சாமான் நூறு வருடம் நிற்கும். ஓரத்து வெளிறில் செய்தது தேக்காகவே இருந்தாலும் உளுத்துப்போகும். ஒரே பலகையில் ஒரு பக்கம் கரும்பழுப்பு, மறுபக்கம் வெளிர்மஞ்சள் என்று இருந்தால் அந்த மஞ்சள்தான் வெளிறு.

தேக்கு, ஈட்டி, வேங்கை, பலா, அயினி, பூவரசு ஆகியவற்றின் வைரம் என்று தெரிந்துவிட்டால் பெயிண்ட் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம் என்பது என் எண்ணம். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற தேக்கு பெரும்பாலும் தோட்டத்தில் வளர்த்து இளம் வயதில் வெட்டியது. பழைய மலைமரத்தின் நெருக்கமான ரேகை அதில் இருக்காது.

மேலே பூசியிருப்பது பாலிஷா வார்னிஷா என்று தெரியவில்லையே?

மறைவான இடத்தில், பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட் தொட்டு ஒரு நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ், நம் ஊரில் பிரெஞ்சு பாலிஷ் என்பது. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் எண்ணெய் வார்னிஷோ, மெலமைனோ, பி.யு. என்கிற பாலியூரித்தேன் பூச்சோ இருக்கலாம். சுமார் ஐம்பது வருடத்துக்கு முந்திய சாமான் என்றால் அரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் உங்களுக்கு நல்ல செய்தி: அரக்கு மேல் அரக்குப் பூசினால் புதியது பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். முழுதாகச் சுரண்ட வேண்டியதில்லை.

ஏற்கெனவே பச்சை எனாமல் அடித்திருக்கிறார்கள். எடுப்பதா, அதன் மேலேயே அடிப்பதா?

நம் பக்கத்தில் கதவு, ஜன்னல், அலமாரி எல்லாவற்றிலும் இந்தப் பச்சையோ நீலமோ இருக்கும், வீட்டில் நடந்த ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு கோட்டு. எடுப்பதா என்று யோசிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஈயம். பழைய எனாமல்களில் நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயச் சேர்மானங்கள் சேர்த்தார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் அதற்கு முந்திய எந்தப் பெயிண்டையும் ஈயம் உள்ளதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால் மூன்று காரியம் கூடாது. காய்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. மெஷின் வைத்து அறவே கூடாது. அந்தத் தூள் தரையில் படிந்து, தவழும் குழந்தை கை வழியாக வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஊதுவிளக்கு வைத்துப் பெயிண்டைப் பொசுக்கி எடுக்கக் கூடாது. ஈயப் புகை மூச்சில் ஏறும். மூன்றாவது, காஸ்டிக் சோடா. வேலை சீக்கிரம் முடியும் என்று பலர் காஸ்டிக்கைக் கரைத்து ஊற்றுகிறார்கள். பெயிண்ட் கழன்றுவிடும்தான். தேக்கு கறுத்துவிடும், மேல்நார் எழும்பிச் சொரசொரக்கும், மூட்டுப் பசை கரையும். அப்புறம் எத்தனை பாலிஷ் போட்டாலும் அந்தக் கறுப்பு போகாது.

எடுக்கிற முறை இது. வீட்டுக்கு வெளியே, தட்டட்டியிலோ (மொட்டைமாடி) புறவாசல் நிழலிலோ சாமானை வைத்து, கீழே பாலிதீன் விரியுங்கள். கையுறை, கண்ணாடி, முகமூடி வேண்டும். பெயிண்ட் ரிமூவரைத் தடிமனாகப் பூசி மேலே பாலிதீன் தாளை மூடி, பெயிண்ட் சுருங்கி எழும்பும் வரை விட்டுவிடுங்கள். பிறகு முனை மழுங்கிய தகட்டாலோ மரச் சீவலாலோ ரேகை ஓடும் திசையில் வழித்தெடுங்கள். செதுக்கின இடத்துக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ், மூங்கில் குச்சி. இரும்பு உளியைக் கிட்டேயே கொண்டுபோக வேண்டாம். வழித்தெடுத்ததை மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுங்கள். எரிக்காதீர்கள், வாய்க்காலில் கொட்டாதீர்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

முழுதும் எடுக்கப் புறப்படுவதற்கு முன் ஓர் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். பழைய பாலிஷ் மேல் பெயிண்ட் அடித்திருந்தால் அது தோலாகவே உரிந்து வரும். பச்சை மரத்தின், அதாவது எதுவும் பூசாத வெறும் மரத்தின் மேலேயே நேராக அடித்திருந்தால் ரேகைக் குழிக்குள் பெயிண்ட் தங்கிவிடும். அப்படித் தங்கினால், அடியில் இருப்பதும் சாதாரண மரம் என்றால், மேலேயே நல்ல பெயிண்ட் அடித்துவிடுங்கள். உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கிற பழைய பெயிண்டை மூடி வைப்பது அதைக் கிளறுவதைவிடப் பாதுகாப்பானது.

அப்படியானால் எந்தச் சாமானுக்குப் பெயிண்ட் அடிப்பதே சரி?

பல மரம் கலந்து செய்தது. கால் வேம்பு, சட்டம் தேக்கு, பலகை மா என்று ஏழ்மையான காலத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்த மேசைகளும் பெஞ்சுகளும் நிறைய உண்டு. அவற்றைப் பாலிஷ் போட்டால் ஒட்டுவேலை பளிச்சென்று தெரியும், பெயிண்ட் அடித்தால் ஒரே சாமானாக நிற்கும். வெளிறுப் பலகை, லப்பம் வைத்து அடைத்த பலகை, பிளைவுட் முதுகு போட்டது, மழைச்சாரல் அடிக்கிற திண்ணையில் கிடக்கும் சாதாரணப் பெஞ்சு இவையும் அப்படித்தான். தொடக்கத்திலிருந்தே பெயிண்ட் பூசவென்றே செய்யப்பட்ட சாமானும் உண்டு. பூவேலை, கொடிவேலை பெயிண்டில் இருந்தால் அந்தப் பெயிண்டையே காக்க வேண்டும். மேலே புதிதாக அடித்தால் அந்த வேலைப்பாடு போய்விடும்.

அடிப்பதானால் ஒழுங்காக அடியுங்கள். கழுவி, காயவைத்து, பச்சை மரமாக இருந்தால் 120, பிறகு 180 நம்பர் உப்புத்தாள், உட் பிரைமர், லப்பம், மறுபடி லேசாகத் தேய்ப்பு, இரண்டு கோட்டு. கணு இருக்கிற இடத்திலும், வேங்கைப் பலகை முழுவதிலும், பிரைமருக்கு முன் அரக்குக் கரைசல் இரண்டு கோட்டு போட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளைப் பெயிண்ட் மேல் ஆறே மாதத்தில் மஞ்சள் கறை எழும்பிவிடும்.

மகளும் மருமகளும் வெள்ளை பெயிண்ட்தான் அழகு என்கிறார்கள், மாமனார் தொடவே கூடாது என்கிறார். என்ன செய்வது?

இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. இருட்டான பழைய வீட்டில் கறுத்த சாமானோடு நாள் முழுக்கப் புழங்குகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டும் என்று தோன்றுவது தவறே இல்லை. பெரியவருக்கு அது அவர் அப்பா உட்கார்ந்து கணக்கு எழுதிய மேசை.

நான் சொல்வது: சாமானைக் கழுவி ஒரு கோட்டு அரக்கு மட்டும் போட்டு, பின்னால் இருக்கிற சுவருக்கு வெள்ளை அடித்து ஒரு மாதம் பாருங்கள். கறுத்த வார்னிஷ் போனாலே அறை வெளுத்துவிடும். பல வீடுகளில் பேச்சு அதோடு முடிந்திருக்கிறது. அப்படியும் பெயிண்ட்தான் என்றால், பெயிண்டுக்கு அடியில் அரக்குக் கரைசல் இரண்டு மூன்று கோட்டு பூசி ரேகைக் குழிகளை அடைத்துவிடுங்கள். பெயிண்ட் மரத்துக்குள் இறங்காது. நாளைக்குப் பேரனோ பேத்தியோ அதை எடுக்க நினைத்தால் பச்சை மரத்தில் அடித்ததைவிட எவ்வளவோ சுலபமாக வரும். நீங்கள் பக்கத்தில் நின்று பெயிண்டரை இதைச் செய்யச்சொல்லுங்கள், ஏனென்றால் பார்வைக்குத் தெரியாத வேலையைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.

ஆசாரி, “ஒரு இழைப்பு இழைத்தால் புதுசாயிடும்” என்கிறார். இழைக்கலாமா?

வேண்டாம். இதில் மட்டும் நான் கொஞ்சமும் இறங்கிவர மாட்டேன்.

பழைய தேக்கின் மேல்தோலில் இருக்கும் அந்த ஆழ்ந்த நிறம் வெயிலும் காற்றும் கையும் வருடக்கணக்கில் ஏற்றியது. அது மெல்லிய ஒரு படலம்தான். இழைப்புளி ஒரு முறை ஓடினால் சுருள் சுருளாகத் தரையில் கிடக்கும்; உள்ளே இருந்து வெளுத்த புது மரம் தெரியும். அந்த வெளுப்பை மறைக்கச் சாயம் பூசுவார்கள். கடைசியில் புதுச் சாமானைப் பழசாகக் காட்டியதைப் போன்ற ஒன்று மிஞ்சும். செதுக்கலின் விளிம்பு மழுங்கும். அந்தக் காலத்துச் சாமானை ஆணி அடிக்காமல் துளைக்குள் முளையை இறக்கி மர ஆப்பு வைத்துக் கோத்திருப்பார்கள். சட்டத்தை இழைத்தால் அந்த மூட்டு தளர்ந்து ஆட ஆரம்பிக்கும்.

உயர்வான சில பழைய மேசைகளில் மேலே ஈட்டியோ தேக்கோ மெல்லிய தாளாக ஒட்டியிருப்பார்கள், அடியில் வேறு மரம். ஓரத்தில் இரண்டு நிறம் தெரிந்தால் அது தாள் ஒட்டு. அதை இழைத்தால் அவ்வளவுதான்.

ஆசாரியின் கை வேண்டிய இடம் வேறு. ஆடுகிற மூட்டைப் பிரித்துப் பசை போட்டு இறுக்குவது, உடைந்த காலுக்கு அதே மரத்தில் துண்டு சேர்ப்பது, போன ஆப்பைப் புதிதாக வைப்பது. இந்த வேலைக்கு வயதான ஆசாரி கிடைத்தால் கூலி கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். மூட்டுவேலை முடிந்த பிறகுதான் பாலிஷோ பெயிண்டோ.

ஐப்பசி, கார்த்திகையில் இழுப்பறை இறுகிவிடுகிறது. அதையாவது கொஞ்சம் சீவலாமா?

சீவாதீர்கள். மழை ஈரத்தில் மரம் உப்பியிருக்கிறது, மாசியில் தானே சுருங்கிவிடும். கார்த்திகையில் சீவின இழுப்பறை பங்குனியில் லொடலொடக்கும். ஓடும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள்.

சிறு சிறு துளைகளும் மாவும் தெரிகின்றன. கறையானா?

கறையான் என்றால் மண்ணால் பாதை கட்டியிருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் வட்டத் துளையும் நைசான மாவும் என்றால் அது உளு, அதாவது வண்டுப் புழு. மண்பாதை இல்லாமல் குருணை குருணையாகக் கொட்டினால் அது மரத்துக்குள்ளேயே வாழும் ஒருவகைக் கறையான். கடலோர ஊர்களில் பார்க்கலாம்.

உளு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துளைகளைத் தூசு தட்டி, அடியில் கறுப்புத் தாள் விரித்து இரண்டு மூன்று வாரம் விடுங்கள். புது மாவு விழவில்லை என்றால் அது எப்போதோ போன பூச்சி, துளையை மெழுகால் அடைத்தால் போதும். விழுந்தால் மருந்து வேண்டும். ஊசியைத் துளைக்குள் விட்டுப் பாருங்கள். ஒரு கட்டில் காலில் இப்படி விட்டபோது சாக்கு ஊசி தலைவரை தடையே இல்லாமல் இறங்கியது. அந்த அளவுக்கு இருந்தால் அந்தக் காலையே மாற்ற வேண்டும்.

மருந்துக்கு 1 லிட்டர் வெந்நீரில் போராக்ஸ் 30 கிராம், போரிக் ஆசிட் 20 கிராம் கரைத்துப் பச்சை மரத்தில் இரண்டு மூன்று முறை ஊறப் பூசுங்கள், துளைக்குள் சிரிஞ்சால் ஏற்றுங்கள். பாலிஷ் மேலோ பெயிண்ட் மேலோ பூசினால் உள்ளே போகாது, அதனால் முதுகுப்பக்கம், அடிப்பக்கம் என்று பூச்சு இல்லாத பக்கத்தைத் தேடிப் பூசுங்கள். குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். உச்சி வெயிலில் போட்டால் பூச்சி செத்துவிடும் என்று தார்சாவிலிருந்து முற்றத்துக்கு இழுத்துப்போடுவார்கள். அந்தச் சூட்டில் பூச்சிக்கு முன்னால் பலகை வளைந்து வெடித்துவிடும்.

பூச்சி இருக்கிற சாமானுக்கு மேலே பெயிண்ட் அடிப்பது நோயை மூடி வைப்பதுதான். வெளியே வழவழப்பாக இருக்கும், உள்ளே தின்றுகொண்டே இருக்கும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் போதாதா?

போதாது. தேங்காய் எண்ணெய் மரத்தின் மேல் காய்ந்து இறுகாது. பிசுக்காகவே இருந்து ஆடிக் காற்றின் புழுதியை எல்லாம் பிடித்துக்கொள்ளும். நல்லெண்ணெயும் பெரிய வித்தியாசம் இல்லை. காய்ந்து இறுகும் எண்ணெய் ஆளிவிதை எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். சிறிது டர்பன்டைன் கலந்து மிக மெல்லியதாகத் தேய்த்து, அரைமணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும்.

இதில் ஒரு பெரிய எச்சரிக்கை. லின்சீட் ஆயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது சூடு பிறக்கும், சுருட்டின துணிக்குள் சூடு ஏறி யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். தரையில் விரித்துக் காயவையுங்கள் அல்லது தண்ணீரில் நனைத்துவிட்டுப் பிறகு போடுங்கள்.

முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெயை உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் பூசுவது பழைய வழக்கம், பூச்சிக்கு நல்லதுதான். கைபட்டால் தோல் கொப்பளிக்கும், மரம் கறுக்கும். கட்டில், நாற்காலிக்கு அது வேண்டாம்.

பிரெஞ்சு பாலிஷா, மெலமைனா, பி.யு.வா?

பழைய நல்ல சாமானுக்கு அரக்கு. 1 லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்குச் செதில், ஓர் இரவு ஊறினால் கரைந்துவிடும். வடிகட்டி, பஞ்சை வைத்துக் கட்டிய துணிப்பொட்டலத்தால் மெல்லிய கோட்டாக, காயக் காயப் போட வேண்டும். கரைத்து நாளான பழைய கரைசல் சரியாகக் காயாது, அன்றைய தேவைக்கு மட்டும் கரையுங்கள். அரக்கின் குறை, சூடும் தண்ணீரும் ஆகாது; காப்பி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். அதன் நிறை, அந்த வளையத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் லேசாக வருடியே எடுத்துவிடலாம்.

பி.யு. கண்ணாடியாக நிற்கும், தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் ஓர் இடத்தில் கீறல் விழுந்தால் அந்தப் பரப்பு முழுவதையும் தேய்த்துத்தான் மறுபடி போட வேண்டும். தினமும் சாப்பிடுகிற மேசைக்கு அது சரி. ஈட்டி நாற்காலிக்கும் கல்லாப்பெட்டிக்கும் வேண்டாம். மெலமைன் நடுவில் வரும், வாடை கடுமை, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும்.

எந்த மாதத்தில் செய்யலாம்?

தை பிற்பாதியிலிருந்து சித்திரை வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அரக்கு வெளுத்துப் பனி பூத்துவிடும், காற்றின் ஈரம் கோட்டுக்குள் மாட்டிக்கொள்வதால் வருவது. தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி, ஆடிச் சாரலிலும் இதே தொல்லை. திருநெல்வேலி, நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் அந்த மாதங்களில் சாரல் குறைவு, காற்றும் புழுதியும் அதிகம். காயாத பாலிஷில் மண் ஒட்டும்.

பத்தாயம் பெரிதாக இடத்தை அடைக்கிறது. பிரித்து மேசை பண்ணலாமா?

நெல் போட்டு வைக்கிற வீடே குறைந்துவிட்டது, அதனால் இந்தக் கேள்வி வருவது புரிகிறது. ஆனால் தாமிரபரணிப் பாசன ஊர்களின் முப்போகத்தையும் இருபோகத்தையும் வாங்கி வைத்த சாமான் அது, அறுத்துவிட்டால் மறுபடி வராது. பல பத்தாயங்கள் பலகைகளைப் பள்ளத்தில் கோத்துச் செய்தவை, ஆணி குறைவு. நிதானமாகக் கழற்றி, பலகைக்குப் பலகை சாக்கட்டியால் எண் போட்டு, மச்சிலோ ஈரமில்லாத அறையிலோ தரையிலிருந்து உயர்த்தி அடுக்கி வைக்கலாம். அல்லது கழற்றாமல் வீட்டுக்குள்ளேயே படுக்கை, துணிமணி வைக்கும் பெட்டியாகப் புழங்கலாம். நான் பார்த்த ஒரு வீட்டில் கோவில் கொடைக்கு வேண்டிய பெரிய பாத்திரம் முழுக்க அதற்குள்தான். உட்பக்கத்தில் மட்டும் எதுவும் பூச வேண்டாம்.

பித்தளைப் பிடியையும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். மற்றதும் கறுத்திருக்கிறது.

பிடி, கீல், பூட்டுத்தகடு எல்லாவற்றையும் கழற்றித்தான் எந்த வேலையும். சாமானில் வைத்தபடியே புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தச் சாறு வழிந்து மரத்தில் கறை பிடிக்கும். பழைய திருகாணியைத் தொலைக்காமல் ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். இரும்பு ஆணியைச் சுற்றி நீலக்கறுப்பாகப் படர்ந்திருந்தால் அது இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து வந்த கறை. ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் தொட்டு எடுக்கலாம். விஷம், கையுறை கட்டாயம், பிறகு சுத்தமான ஈரத் துணியால் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும்.

பிரம்பு நாற்காலிக்கு?

சட்டத்துக்குப் பாலிஷ், பிரம்புக்கு ஈரத்துணித் துடைப்பு மட்டும். பிரம்புக்குப் பெயிண்ட் அடித்தால் வளைகிற இடத்தில் வெடித்து உதிரும். கிழிந்திருந்தால் பிரம்புதான் மாற்ற வேண்டும். பிளைவுட் பலகையை ஆணி வைத்து அடித்து மூடினால் சட்டத்தின் துளை வரிசை பாழாகும்.

தினமும் தரை துடைப்பதால் கால்கள் கறுத்து இற்றுப்போகின்றன.

காலின் அடிப்பரப்புதான் தண்ணீரைக் குடிக்கிறது, அங்கே ரேகை முனை திறந்திருக்கிறது. சாமானைச் சாய்த்து அந்த அடியில் மூன்று நான்கு கோட்டு அரக்கோ வார்னிஷோ ஊறப் போடுங்கள், அப்புறம் ரப்பர் புஷ் மாட்டுங்கள். முழுச் சாமானுக்கும் பெயிண்ட் அடிப்பதைவிட இந்த ஒரு வேலை அதற்கு அதிக ஆயுள் கொடுக்கும்.

விற்றால் நல்ல விலை வருமா?

வாசலுக்கு வந்து கேட்பவரிடம் அன்றைக்கே கொடுக்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இதே மாதிரிச் சாமான் என்ன விலை சொல்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் பெயிண்டோ பி.யு.வோ எதுவும் போட வேண்டாம். பழம்பொருள் வாங்குகிறவர் கைபடாத மேற்பரப்பைத்தான் தேடுவார்.

வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு ஈட்டி நாற்காலியை அனுப்ப முடியுமா?

பேப்பர் இல்லாமல் அனுப்பாதீர்கள். தமிழ்நாட்டில் ஈட்டி மரத்துக்கென்றே 1994-ல் தனிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஈட்டி வகை மரங்கள் எல்லாமே 2017 ஜனவரியிலிருந்து சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கின்றன. நூறு வருடம் கடந்த கலைப்பொருள் என்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். நூறு வருடம் ஆகாதது என்றாலும், அது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டியிருக்கும். முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள், பிறகு தொல்லியல் துறையில், அதன் பிறகுதான் பெட்டி கட்டுகிற கம்பெனியிடம் பேச வேண்டும்.